கடவுளை வேண்டாத யூதச் சபையை நடத்துவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதச்சார்பற்ற மனிதநேய யூதச் சபை என்றால் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூதப் பண்டிகைகள், பாட்டு, விருந்து, கல்யாணம், துக்கம், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி எல்லாம் இங்கே உண்டு. கடவுளிடம் வேண்டுதல் மட்டும் கிடையாது. அமெரிக்காவில் இத்தகைய சபைகளில் பல மிகச் சிறியவை. சொந்தக் கட்டடம் இருக்காது, முழுநேர ராபி (யூத மதகுரு) இருக்கமாட்டார், எல்லாவற்றையும் தன்னார்வலர்களே இழுத்துக்கொண்டு போகவேண்டும். யூதரல்லாத துணைவர்களுக்கும் முழு உறுப்பினர் உரிமை உண்டு என்பதால், யூதக் குடும்பத்தில் பெண்ணெடுத்த என்னைப் போன்ற தமிழன் பொருளாளர் நாற்காலியில் உட்காருவதும் நடக்கிறது.

அரசாங்கத் தளங்களில் எல்லாத் தகவலும் இருக்கிறது. எது முதலில், எது பிறகு, எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதுதான் அங்கே இல்லை. நான் இருக்கும் இல்லினாய் மாநிலத்தை வைத்து எழுதுகிறேன். மத்திய அரசு வரி விஷயங்கள் எல்லா மாநிலங்களுக்கும் பொது. பதிவுக் கட்டணமும் படிவ எண்ணும் மாறும்.

1. முதலில் ஆட்கள், பிறகு காகிதம்

இல்லினாயில் லாபநோக்கற்ற அமைப்பைப் பதிவு செய்யக் குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். ஆனால் மூன்று பேரை வைத்துச் சபை நடத்த முடியாது. தலைவர், பொருளாளர், செயலாளர் போக, பண்டிகை நிகழ்ச்சிகளுக்கு ஒருவர், பள்ளிக்கு ஒருவர், வாசலில் நின்று வரவேற்க ஒருவர் என்று ஆறு பேராவது முன்வந்த பிறகே பதிவுக்குப் போங்கள். அதுவரை யாராவது ஒருவர் வீட்டில், யூதரின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலை கூடி மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பிடுவதற்கு எந்தப் படிவமும் தேவையில்லை.

பொறுப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுக் காலவரம்பை விதிகளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல மனசுக்காரர் ஒருவர் பத்து வருடம் பொருளாளராக இருப்பார். அவர் ஊர் மாறிப் போகும் நாளில்தான் கணக்கு எங்கே இருக்கிறது என்று எல்லாரும் தேடுவார்கள்.

2. மாநிலப் பதிவு

இல்லினாயில் இதற்கான படிவம் என்.எஃப்.பி. 102.10. கட்டணம் 50 டாலர். அதன்பின் ஆண்டுதோறும் 10 டாலர் கட்டி ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டும். படிவம் சின்னது, அதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி, எழுதாமல் விட்டுவிடும் வாசகங்கள். வரிவிலக்கு தரும் மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். உங்கள் பதிவுப் பத்திரத்தில் இரண்டு விஷயங்களைத் தேடும். அமைப்பு வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு அனுமதிக்கும் நோக்கங்களுக்கு மட்டுமே இயங்கும் என்பது ஒன்று. அமைப்பைக் கலைத்தால் மிச்சச் சொத்து அதே போன்ற நோக்கமுள்ள வேறு அமைப்புக்கோ அரசுக்கோ போகும், உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பது இன்னொன்று. ஐ.ஆர்.எஸ். தளத்தில் மாதிரி வாசகமே இருக்கிறது. அப்படியே எடுத்து எழுதுங்கள். பின்னால் திருத்தப் போனால் அதற்கு இன்னொரு படிவம், இன்னொரு கட்டணம்.

இரண்டாவது பொறி முகவரி. பதிவு முகவராக, அதாவது அமைப்புக்கு வரும் சட்டக் கடிதங்களை வாங்குபவராக, ஒருவரைக் காட்டவேண்டும், அவருக்குத் தெருமுகவரி இருக்கவேண்டும், தபால்பெட்டி எண் செல்லாது. அந்தப் பெயரும் முகவரியும் மாநிலத் தளத்தில் யார் தேடினாலும் கிடைக்கும். வேறு சங்கமாக இருந்தால் பரவாயில்லை என்று விடலாம். யூதச் சபைக்கு அப்படி விடமுடியாது. உறுப்பினர் வீட்டு முகவரியைக் கொடுக்காமல், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தையோ கட்டணம் வாங்கும் முகவர் நிறுவனத்தையோ காட்டுங்கள். இயக்குநர்களின் முகவரிகளையும் அந்தப் பத்திரம் கேட்கும், அங்கேயும் இதே யோசனைதான்.

3. வரி எண்

மாநிலப் பதிவு கைக்கு வந்த பிறகே ஈ.ஐ.என். எனும் வரி எண்ணுக்குப் போங்கள். ஐ.ஆர்.எஸ். தளத்தில் அது இலவசம், இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே கிடைக்கும். தேடுபொறியில் முதலில் வரும் பல தளங்கள் இதற்குக் காசு கேட்கும். அவை அரசாங்கத் தளங்கள் அல்ல.

விண்ணப்பத்தில் பொறுப்பாளர் என்று ஒரு தனிநபரைக் காட்டி, அவருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணைத் தரவேண்டும். அவர் பொறுப்பிலிருந்து விலகினால் 60 நாளைக்குள் 8822-பி படிவத்தில் தெரிவிக்கவேண்டும். சின்னச் சபைகளில் இதை யாரும் செய்வதில்லை. என்றைக்கோ விலகிப்போனவர் வீட்டுக்கு ஐ.ஆர்.எஸ். கடிதம் போய்க்கொண்டே இருக்கும். எண் ஒதுக்கும்போது வரும் சி.பி. 575 கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், வங்கி அதைத்தான் கேட்கும்.

4. வரிவிலக்கு: 'சர்ச்' என்று சொல்வதா, வேண்டாமா?

அதிகம் குழம்புகிற இடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்க வரிச் சட்டம் 'சர்ச்' என்று சொல்லும்போது சினகாக் (யூத வழிபாட்டிடம்), மசூதி, கோயில் எல்லாம் அதில் அடக்கம். தகுதியிருந்தால் அவற்றுக்கு வரிவிலக்கு தானாகவே உண்டு. வரிவிலக்கு கேட்கும் 1023 படிவம் போடவேண்டிய கட்டாயமில்லை, ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் 990 வகைப் படிவமும் வேண்டாம். ஆக ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்துவிடலாமா? சட்டப்படி முடியலாம். நடைமுறையில் மானியம் தருகிறவர்களும் பெரிய நன்கொடையாளர்களும், பல இலவச மென்பொருள் திட்டங்களும் ஐ.ஆர்.எஸ். அங்கீகாரக் கடிதத்தைக் கேட்பார்கள். அது இல்லாமல் ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரும்.

அப்படியென்றால் உங்கள் முன் இரண்டு பாதைகள்.

சர்ச் என்று சொல்லி விண்ணப்பித்தால் முழு 1023 படிவமும் அதன் ஏ அட்டவணையும் நிரப்பவேண்டும். கட்டணம் 600 டாலர். பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம். ஐ.ஆர்.எஸ். பார்க்கும் அடையாளங்களில் நிலையான சபையினர், தவறாத ஒன்றுகூடல், பிள்ளைகளுக்கான வகுப்பு, வழிபாட்டு முறை, பயிற்சி பெற்ற தலைவர் போன்றவை இருக்கின்றன. எல்லாம் இருந்தாக வேண்டும் என்றில்லை. கடவுளை வேண்டாத ஒன்றுகூடலை எப்படி விவரிப்பது என்று உங்கள் குழுவே உட்கார்ந்து பேசி எழுதவேண்டும். கடைப்பிடிக்கும் பண்டிகைகள், நிகழ்ச்சி நிரல், துக்கச் சடங்கு என்று நடப்பதை அப்படியே எழுதினால் போதும்.

சாதாரண பொதுத்தொண்டு அமைப்பாக, சமூக, கல்வி, பண்பாட்டு நோக்கத்தைச் சொல்லி விண்ணப்பித்தால், ஆண்டு வரவு 50,000 டாலருக்குள்ளும் சொத்து 2,50,000 டாலருக்குள்ளும் இருக்கும்வரை 1023-ஈ.இசட். என்ற குறும்படிவம் போதும். கட்டணம் 275 டாலர், முழுப் படிவத்தைவிடச் சீக்கிரம் முடியும். ஆனால் சர்ச்சாக அங்கீகாரம் கேட்பவர்கள் இந்தக் குறும்படிவத்தைப் பயன்படுத்த முடியாது. இந்தப் பாதையில் வந்தால் ஆண்டுதோறும் 990-என் என்ற மின் அட்டையைப் போட்டே ஆகவேண்டும்.

இரண்டு படிவங்களும் அரசின் கட்டணத் தளமான பே.கவ் வழியாக இணையத்தில் மட்டுமே. அமைப்பு உருவான 27 மாதத்துக்குள் போட்டால் வரிவிலக்கு முதல் நாளிலிருந்தே செல்லும். 

என் அபிப்பிராயம் கேட்டால், நாற்பது குடும்பத்துக்குக் கீழே இருக்கும் சபைக்கு இரண்டாவது பாதையே வசதி. ஒரு நிபந்தனை: 990-என் போடும் நாளை மூன்று பேர் கைப்பேசியிலாவது குறித்து வையுங்கள். நிதியாண்டு முடிந்து ஐந்தாவது மாதம் 15-ஆம் தேதி கடைசி நாள். ஜூன் 30-இல் கணக்கு முடிப்பவர்களுக்கு அது நவம்பர் 15. கட்டணம் கிடையாது, உட்கார்ந்தால் கால்மணி நேர வேலை. தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும், திரும்பக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கவேண்டும்.

மாநில அளவில் இன்னும் இரண்டு வேலை. நன்கொடை திரட்டும் அமைப்புகள் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பதியவேண்டும். மத அமைப்புகள் விலக்கு கேட்கத் தனிப் படிவம் இருக்கிறது. அப்புறம் விற்பனை வரிவிலக்கு: அதற்கு மாநில வருவாய்த்துறையில் தனியே விண்ணப்பித்து ஈ-எண் வாங்கவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மத்திய அரசின் கடிதத்தைக் கடைக்காரரிடம் நீட்டினால் வேலைக்கு ஆகாது.

5. வங்கி

பதிவுப் பத்திரம், சி.பி. 575, விதிகள், இன்னார் கையெழுத்திடலாம் என்ற தீர்மானம் எழுதிய கூட்டக்குறிப்பு. இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு, கையெழுத்திடும் எல்லாரும் ஒன்றாகப் போங்கள். ஒருவர் ஊரில் இல்லை என்றால் போகாதீர்கள், இன்னொரு நாள் அலையவேண்டி வரும். கணக்கைப் பார்க்க மட்டும் உரிமையுள்ள மூன்றாவது ஆள் ஒருவரையும் சேர்த்துவிடுங்கள். யார்மேலும் சந்தேகம் என்பதற்காக அல்ல. பொருளாளர் நிம்மதியாகத் தூங்குவதற்கு அது வேண்டும்.

6. இடமும் இன்சூரன்ஸும்

சொந்தக் கட்டடம் என்ற ஆசையை ஒத்திவையுங்கள். யூனிடேரியன் தேவாலயங்கள் (ஒரே கோட்பாட்டை வற்புறுத்தாத தாராளவாத மதப் பிரிவின் கூடங்கள்) இத்தகைய சபைகளுக்கு வாடகைக்குத் தருவது வழக்கம். அங்கே பெரும்பாலும் சிலுவையை மறைக்கவேண்டிய சங்கடம் இருக்காது. வெள்ளி மாலை அவர்களுக்குக் காலியாக இருக்கும், நமக்கு வேண்டியதும் வெள்ளி மாலைதான். ஞாயிறு காலைப் பள்ளிக்குத்தான் மோதல் வரும். அதற்கு நூலகமோ சமூகக்கூடமோ பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்கவேண்டியவை: மெழுகுவத்தி ஏற்றலாமா (தீயணைப்பு விதி என்று சொல்லித் தடுக்கும் இடங்கள் உண்டு), ஒயின் அனுமதி உண்டா, சமையலறை சேர்த்தா தனியா, நாற்காலி போட்டு எடுப்பது யார் வேலை, எத்தனை மணிக்குக் கதவு பூட்டவேண்டும். விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் எட்டாம் நாள் ஒன்பது சுடர் எரியும் விளக்குகளைக் குடும்பத்துக்கு ஒன்றாக மேசையில் வரிசையாக வைத்தால் எவ்வளவு சூடு வரும் என்று கட்டடக்காரருக்குத் தெரியாது. முன்பே சொல்லிவிடுங்கள். அலுமினியத் தாள் விரித்த தட்டும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும்.

இடம் கொடுப்பவர் இன்சூரன்ஸ் சான்றிதழ் கேட்பார். ஒரு நிகழ்வுக்குப் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு என்பது வழக்கமான அளவு. அந்தக் காப்பீட்டில் தங்களையும் கூடுதலாகக் காப்பு பெறுபவராகச் சேர்க்கச் சொல்வார்கள். அந்தச் சான்றிதழ் வரச் சில நாள் ஆகும், நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். பள்ளி நடத்தினால், பிள்ளைகளுக்கு எதிரான முறைகேடு தொடர்பான காப்பீடு பாலிசியில் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள், பல மலிவுப் பாலிசிகளில் இருக்காது. எந்த அறையிலும் பிள்ளைகளோடு ஒரே ஒரு பெரியவர் இருக்கக்கூடாது என்பதை விதியாக்குங்கள். பின்னணிச் சோதனை எல்லாருக்கும், தலைவர் உட்பட.

1997-இல் வந்த தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது தனிநபர்களைத்தான் ஓரளவு காக்கும், அமைப்பைக் காக்காது. வண்டி ஓட்டும்போது நேரும் விபத்துக்கும் அது பொருந்தாது.

7. வாசல்

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு இந்தத் தலைப்பை யாரும் தள்ளிப்போடுவதில்லை. நிகழ்ச்சியின் ஊரை மட்டும் விளம்பரத்தில் போடுங்கள். முழு முகவரி முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போகட்டும். வாசலில் இரண்டு பேர் நில்லுங்கள், அதில் ஒருவராவது சபையினர் முகங்களை அறிந்தவராக இருக்கவேண்டும். நிகழ்ச்சி தொடங்கியதும் கதவைப் பூட்டிவிட்டு, தாமதமாக வருபவருக்குத் திறந்துவிட ஆள் வையுங்கள். பெரிய பண்டிகைகளுக்கு முன் உள்ளூர்க் காவல்நிலையத்துக்கு நாளும் நேரமும் சொல்லிவிட்டால், ரோந்து வண்டி ஒரு சுற்று வந்துபோகும். யூத அமைப்புகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தரும் செக்யூர் கம்யூனிட்டி நெட்வொர்க்கைத் தொடர்பு கொள்ளுங்கள்.

மத்திய அரசின் பாதுகாப்பு மானியம் ஒன்றும் உண்டு. மாநிலம் வழியாக விண்ணப்பிக்கவேண்டும், செலவழித்த பிறகே பணம் திரும்ப வரும். வாடகை இடத்தில் இருக்கும் சின்னச் சபைக்கு அந்தக் காகித வேலை கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. இடம் கொடுக்கும் தேவாலயமே விண்ணப்பிக்கத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

8. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

யூதப் பண்டிகை மாலையில் தொடங்கும், ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2026-இல் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11 மாலை, நோன்பு நாளான யோம் கிப்பூர் செப்டம்பர் 20 மாலை. 2027-இலோ அக்டோபர் 1, அக்டோபர் 10. "போன வருஷம் மாதிரியே" என்று மண்டபம் பதிந்தால் அவ்வளவுதான். அடுத்த இரண்டாண்டுத் தேதிகளையும் ஒரே மூச்சில் பதிந்துவிடுங்கள்.

ஆண்டு முழுக்க எட்டிப் பார்க்காதவர்களும் இந்தப் பத்து நாளில் வருவார்கள், சந்தாவும் நன்கொடையும் பெரும்பகுதி அப்போதுதான் வரும். அதனால் வேலை இப்படிப் போகட்டும்: ஜனவரியில் மண்டபம், மார்ச்சுக்குள் நிகழ்ச்சியை நடத்த வரும் ராபியோ மத்ரீக்கோ, அதாவது பயிற்சி பெற்ற ராபியல்லாத தலைவர். ஜூனில் நிகழ்ச்சி நிரல், ஆகஸ்டில் அச்சு. தலைவர் கிடைக்காவிட்டாலும் பயப்படவேண்டாம், தன்னார்வலர்களே பகிர்ந்து வாசித்து நடத்தலாம். இத்தகைய சபைகளின் கூட்டமைப்பான சொசைட்டி ஃபார் ஹியூமனிஸ்டிக் ஜுடாயிசம் அமைப்பில் இணைந்தால் மற்ற சபைகளின் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளலாம். தலைவர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனமும் இந்த இயக்கத்துக்கு இருக்கிறது.

வசந்தகாலப் பண்டிகையான பெசாக்கின் செடர் விருந்துக்கு மட்சா (புளிக்காத ரொட்டி) பெட்டிகளை முன்கூட்டியே வாங்குங்கள், கடைசி வாரத்தில் அலமாரி காலியாகிவிடும். ஆப்பிளும் வால்நட்டும் சேர்த்துச் செய்யும் ஹரோசெத் எனும் இனிப்புக் கலவையில் கொட்டை இல்லாமல் ஒரு கிண்ணம் தனியாக, பெயர் எழுதி வையுங்கள். பொதுவிருந்துக்கு இட்லி கொண்டுபோகும் எண்ணம் நம் ஆட்களுக்கு வரும். அஷ்கனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கத்தில் பெசாக்கின் எட்டு நாள் அரிசியும் பருப்பும் சேராது, செபார்டி (ஸ்பெயின் வழிவந்த யூதர்) வழக்கத்தில் சேரும். மதச்சார்பற்ற சபையில் யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் பாட்டி வழக்கத்துக்காகத் தவிர்க்கிறவர்கள் உண்டு. என்ன சேர்ந்திருக்கிறது என்று சீட்டு எழுதி வைத்தால் பிரச்சினை முடிந்தது.

9. எதைச் சொல்வது, எதை விடுவது

படிவங்களைவிட இதில்தான் சபைகள் உடைகின்றன. குறிப்பாகக் கதீஷ். இறந்தவர்களுக்காகச் சொல்லப்படும் இந்த அரமேய வாசகத்தில் மரணத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முழுக்கக் கடவுளின் புகழ்ச்சி. கொள்கைப்படி இங்கே அதற்கு இடமில்லை. ஆனால் அப்பாவை இழந்த ஒருவர் உங்களிடம் வந்து, "இதில் ஒரு வரியையும் நான் நம்பவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும்" என்பார். அவரிடம் கொள்கை விளக்கம் பேசாதீர்கள்.

நாங்கள் செய்வது இது: நினைவு நிகழ்ச்சியில் கடவுளைக் குறிப்பிடாத வாசிப்பு முதலில். அதன்பின், விரும்புகிறவர்கள் எழுந்து பழைய வடிவத்தைச் சொல்லலாம், மற்றவர்கள் அமைதியாக இருக்கலாம் என்று நிரலிலேயே அச்சிட்டிருக்கிறோம். கறாரான சபைகள் இதை ஏற்காது, அதுவும் நியாயம்தான். எந்த முடிவானாலும் ஜூன் மாதக் கூட்டத்தில் ஓட்டெடுத்து எழுதிவையுங்கள். யோம் கிப்பூர் மாலை வராந்தாவில் நின்று விவாதிக்கும் விஷயமல்ல இது.

இறந்தவர் பெயர்ப்பட்டியலுக்கு இரண்டு வாரம் முன்பே படிவம் அனுப்புங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒரு கட்டம் அதில் இருக்கட்டும், வாசிப்பவர் முந்தின நாள் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும். பட்டியல் முடிந்ததும் "வேறு பெயர்கள் இருந்தால் சொல்லலாம்" என்று நிறுத்துங்கள். விடுபட்ட ஒரு பெயரால் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் மனத்தாங்கலோடு இருக்கும்.

எபிரேய வரி எதுவானாலும் ஒலிபெயர்ப்பும் பொருளும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். நிகழ்ச்சியில் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அதையே ஜூமிலோ யூடியூபிலோ நேரலையாகப் போடுவதற்கும், பாட்டுத்தாளைப் பிரதி எடுப்பதற்கும் அந்த விலக்கு பொருந்தாது, அனுமதி வாங்கவேண்டும்.

பிள்ளை பெரியவராவதைக் குறிக்கும் பார் மிட்ஸ்வா சடங்கு கேட்டு வரும் குடும்பத்திடம் ஓராண்டாவது ஆகும் என்று முதலிலேயே சொல்லுங்கள். யூதத் திருநூலான தோராவின் பகுதியை ஓதுவதற்குப் பதில், பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு யூத ஆளுமையையோ தலைப்பையோ ஆராய்ந்து சபைமுன் பேசுவது இங்கே வழக்கம். வழிநடத்த ஒரு பெரியவர் வேண்டும். அவர் கிடைக்காமல் நாள் குறிக்காதீர்கள்.

10. பணம்

முதல் வரவுசெலவை ஒரே பக்கத்தில் போடுங்கள். எடுத்துக்காட்டாக, 30 குடும்பம் தலா 300 டாலர் என்றால் 9,000. அதில் மண்டபம், இன்சூரன்ஸ், வருகைத் தலைவர், இசைக்காரர், சொசைட்டியில் இணையும் கட்டணம் எல்லாம் அடங்கவேண்டும். முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுக்கலாம் என்று படிவத்திலேயே எழுதுங்கள், யாரையும் தனியாகக் கெஞ்சவைக்காதீர்கள்.

ரசீது விதிகள்: 250 டாலரும் அதற்கு மேலும் ஒரே தடவையில் கொடுத்தவர் வரிக்கழிவு பெற எழுத்துமூலம் ஒப்புகை கட்டாயம். பதிலுக்கு ஏதாவது கொடுத்தோமா இல்லையா என்ற வரி அதில் இருந்தாகவேண்டும். செடர் விருந்துக்கு 80 டாலர் வாங்கி, சாப்பாட்டின் மதிப்பு 35 என்றால், வரிக்கழிவு 45-க்குத்தான். 75 டாலருக்கு மேற்பட்ட சீட்டுகளில் இதை நீங்களே எழுதித் தரவேண்டும். தன்னார்வலரின் நேரத்துக்கு வரிக்கழிவு கிடையாது. சபை வேலையாக ஓட்டிய வண்டிக்கு மைலுக்கு 14 சென்ட் உண்டு.

வெளியாளுக்குப் பணம் கொடுக்கும் முன், அவருடைய பெயரும் வரி எண்ணும் எழுதித் தரும் டபிள்யூ-9 படிவத்தை வாங்கிவிடுங்கள், கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது. ஆண்டுக்கு 600 டாலரை எட்டினால், கொடுத்த பணத்தைக் காட்டும் 1099 படிவம் அனுப்பவேண்டும் என்ற வரம்பு 2026-இல் கொடுக்கும் பணத்திலிருந்து 2,000 ஆகியிருக்கிறது. ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தால் அவர்கள் ஊழியராகக் கருதப்படலாம், அதற்கு மட்டும் கணக்காளரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

11. கைமாற்றம்

மின்னஞ்சல் முகவரிகள் பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆளின் பெயரில் வேண்டாம். வரிவிலக்குக் கடிதம் வந்தபின் கூகுளின் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான திட்டத்தில் இவை இலவசமாகக் கிடைக்கும். 990-என் போடும் கணக்கு தனிநபரின் அடையாளத்தோடு பிணைந்தது என்பதால், புதிய பொருளாளர் பொறுப்பேற்ற வாரமே தன் கணக்கைத் திறந்து இணைத்துக்கொள்ளவேண்டும்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு: எந்த மாதம் என்ன, எந்த ஆளைக் கூப்பிடுவது, கடவுச்சொல் எங்கே. ஜூலையில் பழையவரும் புதியவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருத்தட்டும். வங்கிக் கையெழுத்து, 8822-பி, மாநில ஆண்டறிக்கையில் இயக்குநர் பெயர்கள், இன்சூரன்ஸ் தொடர்பாளர், மண்டபச் சாவி. இந்த ஐந்தும் மாறிய பிறகே பழையவருக்கு விடைகொடுங்கள்.